உலர்துறையில் பாய்மரக் கப்பல்: மாதிரிக் காட்சியில் தெரியும் பிழைகளும் சரிசெய்யும் வழிகளும்

மாதிரி செய்யும்போது, கடலில் மிதக்கும் கப்பலைவிட உலர்துறையில், அதாவது தண்ணீரை வடித்துவிட்டுப் பழுதுபார்க்கும் துறையில், நிற்கும் கப்பலைச் செய்வது எளிது என்று தோன்றும். பாய் கட்ட வேண்டாம், பாதிக் கயிறு வேண்டாம். ஆனால் மற்ற காட்சிகளில் தண்ணீர் மறைத்துவிடும் அடிப்பாகம் இங்கே முழுக்க வெளியே நிற்கிறது. அதற்குக் கீழேயே நேர்கோட்டில் கல்வரிசை ஓடுகிறது. ஒரு மில்லிமீட்டர் கோணலும் அந்த வரிசைக்கு எதிரே பளிச்சென்று தெரிந்துவிடும்.

கீழே வரும் அளவுகள் 1:72 விகிதத்துக்கானவை. எடுத்துக்காட்டாகக் கொண்ட கப்பல் ‘டிரிங்கோமலீ’. திருகோணமலையின் பெயர் தாங்கிய இந்தப் போர்க்கப்பல் பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் கைவேலையில், தேக்கு மரத்தில் உருவாகி 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறங்கியது. 1819இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்து, 1845 வரை சேவையில் இறங்காமல் ஒதுங்கி நின்றது. அதன்பின் பீரங்கிகளைக் குறைத்து, அமரத்தின் வடிவத்தை மாற்றிப் புதுப்பித்தார்கள். இன்று அதே நாட்டின் ஹார்ட்ல்பூலில் மிதக்கிறது. அந்த 1845 புதுப்பிப்பு இப்படியொரு காட்சிக்கு மிகப் பொருத்தமான தருணம். பீரங்கித் தளத்தின் நீளம் சுமார் 150 அடி, மாதிரியில் 637 மி.மீ.; அகலம் ஏறக்குறைய 40 அடி, மாதிரியில் 169 மி.மீ. ஓர் அடி 4.2 மி.மீ., ஓர் அங்குலம் 0.35 மி.மீ. என்று மேசையோரத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

சொற்களும் முன்கூட்டியே: அணியம் முன்பக்கம், அமரம் பின்பக்கம், ஏரா அடிமரம், வங்கு விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டம், பருமல் பாய் தொங்கும் குறுக்குமரம், ஏராக்கட்டை துறைத் தரையில் ஏராவைத் தாங்கும் கட்டை.

பிழை கண்ணில் படும் இடத்தில் உடனே கத்தி வைக்காதீர்கள். பெரும்பாலும் அது இரண்டு மூன்று படிகளுக்கு முன்பே பிறந்திருக்கும். ஒவ்வொரு அறிகுறியிலும் அது பிறந்த படியைத்தான் முதலில் தேட வேண்டும்.

அறிகுறி: கப்பலைக் கட்டைகள்மேல் வைத்தால் ஆடுகிறது, அல்லது ஏராவுக்கும் கட்டைக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறது

ஏரா எப்படிக் கோணியிருக்கிறது என்று பாருங்கள். மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு.

பக்கவாட்டு வளைவு: மேலிருந்து பார்த்தால் வாழைக்காய் போல இருக்கும். ஒரு பக்கப் பலகைகளை முழுவதும் ஒட்டிவிட்டு மறுபக்கம் போனதே காரணம். ஃபெவிகாலில் உள்ள தண்ணீரை உறிஞ்சி உப்பும் பலகை, காயும்போது சுருங்கி அந்தப் பக்கமே இழுக்கும். இடது பக்கம் இரண்டு பலகை, உடனே வலது பக்கம் அதே இடத்தில் இரண்டு பலகை என்று மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும்.

முறுக்கு: அணியத்தின் முதல் வங்கின்மேல் ஒரு நேரான அளவுகோலையும் அமரத்தின் கடைசி வங்கின்மேல் இன்னொன்றையும் குறுக்காக வையுங்கள். கண்ணைத் தாழ்த்தி ஒரு முனையிலிருந்து பாருங்கள். இரண்டின் விளிம்புகளும் ஒன்றோடொன்று படிந்தால் முறுக்கில்லை. கத்தரி போல வெட்டிக்கொண்டால் முறுக்கு உண்டு.

மூன்றில் ஒரு பங்குப் பலகைதான் ஒட்டியிருக்கிறது என்றால் இவ்விரண்டும் சரியாகும். 18 மி.மீ. பிளைவுட் பலகையில் இரண்டு மரச்சட்டங்களைத் திருகி, நடுவே ஏராவை இறுக்குங்கள். உட்புறத்திலிருந்து வெந்நீரில் நனைத்த துணியால் பலகைகளை ஈரப்படுத்துங்கள். கோணலுக்கு எதிர்த்திசையில், வேண்டியதைவிடச் சற்று கூடுதலாகத் திருப்பிக் கட்டி, ஒன்றரை நாள் விடுங்கள். கடலோர ஊர்களில் மழைக்காலமென்றால் மூன்று நாள். காய்ந்ததும் அவிழ்க்காமலே வங்குகளுக்கு நடுவே பால்சா மரத்துண்டுகளைப் பொருத்தி ஒட்டுங்கள். அவிழ்த்தபின் பழைய நிலைக்குத் திரும்பாமல் பிடித்துக்கொள்பவை இந்தத் துண்டுகளே. இரண்டு அடுக்குப் பலகையும் ஒட்டி முடித்திருந்தால் முறுக்கு போகாது. உடைத்துப் பிரிக்கவும் முயலாதீர்கள். கப்பலின் நல்ல பக்கம் பார்வையாளரை நோக்கும்படி துறையைத் திருப்பி அமையுங்கள்.

மேல்நோக்கிய வளைவு: நடுப்பகுதி எழும்பி, முனைகள் தொங்கினால் பதற வேண்டாம். மாதிரியில் 1 மி.மீ. என்பது உண்மையில் 72 மி.மீ., ஏறக்குறைய மூன்று அங்குலம். பழைய மரக்கப்பல்களுக்கு இந்த வளைவு இயல்பானது. முனைகள் ஒடுங்கியிருப்பதால் அங்கே நீரின் தாங்கல் குறைவு, எடையோ அதிகம். ஆண்டுக்கணக்கில் முனைகள் தொய்ந்து நடு எழும்பிவிடும். கட்டைகளின் மேல்மூடியைச் சற்று தடிப்பாக்கி இடைவெளியை அடைத்தால், பிழையே காட்சியின் உண்மையாகிவிடும். இதற்கு நேரெதிராக நடு தொங்கி முனைகள் எழும்பினால் மட்டும் தவறு கண்ணை உறுத்தும். அப்போது ஏராவின் அடியில் 1 மி.மீ. பட்டை ஒட்டி, கண்ணாடித் தகட்டின்மேல் விரித்த 120 எண் உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்குங்கள்.

அறிகுறி: அணியத்தருகே பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஓட்டுக்கூரை போல நிற்கின்றன

பலகையை ஒடுக்காமல் அதே அகலத்தில் முனைவரை கொண்டுபோனதன் விளைவு இது. கப்பலின் நடுவங்கில் ஒரு பக்கச் சுற்றளவு 150 மி.மீ. என்று கொள்வோம், 5 மி.மீ. பலகை என்றால் 30 வரிசை. அணியத்தில் அதே 30 வரிசைக்கு 105 மி.மீ.தான் இடமிருந்தால், ஒவ்வொன்றும் அங்கே 3.5 மி.மீ. ஆக ஒடுங்க வேண்டும். நூல்நாடாவால் ஒவ்வொரு வங்கிலும் சுற்றளவு எடுத்து, வரிசை எண்ணால் வகுத்து, வங்கின்மேலேயே பென்சில் கோடு போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கணக்கில் பாதி அகலத்துக்கும் கீழே, அதாவது 2.5 மி.மீ.க்குக் குறைவாக வந்தால், அத்தனை மெல்லிய முனை நிற்காது. அங்கே இரண்டு வரிசையை ஒன்றாக்கி முடியுங்கள். அமரத்தில் பெரும்பாலும் எதிர்ச்சிக்கல் வரும்: சுற்றளவு கூடுவதால் இடைவெளி விழும். அதை மரமாவு வைத்து அடைக்காமல் ஆப்பு வடிவப் பலகையால் நிரப்புங்கள்.

ஏற்கெனவே ஏறிப்போன பலகைகளை வெந்நீர்த்துணி வைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டால் ஃபெவிகால் இளகும். மெல்லிய கத்தியால் எடுக்கலாம். ஃபெவிக்விக் கொண்டு ஒட்டியிருந்தால் தண்ணீர் பலிக்காது. அசிட்டோன் தொட்ட பஞ்சை வைத்துப் பொறுமையாக எடுக்க வேண்டும்.

எப்படியும் மேலே, அடிப்பாகத்தைப் போர்த்தும் செம்புத் தகடு வரும், மறைந்துவிடும் என்று விடுவதுதான் இந்தக் காட்சியில் பெரிய தவறு. தகட்டை உரித்துப் பலகையைக் காட்டும் இடமே பழுதுபார்ப்பின் மையம்.

அறிகுறி: செம்புத் தகடுகள் ஓரம் தூக்குகின்றன, வெண்புள்ளி விழுகிறது, அல்லது எல்லாம் புதுக் காசு போல மின்னுகிறது

உண்மையான தகடு 4 அடி நீளம், 14 அங்குல அகலம், மாதிரியில் 16.9 × 4.9 மி.மீ. நிறக்கண்ணாடி வேலைக்கு விற்கும் 4.8 அல்லது 5 மி.மீ. ஒட்டும் செம்புப் பட்டையை 17 மி.மீ. துண்டுகளாக வெட்டினால் போதும்.

ஓரம் தூக்கினால், பட்டையின் பசையைக் குறை சொல்லுமுன் கீழே உள்ள மரத்தைப் பாருங்கள். பூச்சில்லாத மரத்தூள் பரப்பில் எந்தப் பசையும் பிடிக்காது. மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் இரண்டு கோட்டு, இடையே 400 எண் உப்புத்தாள், கடைசியில் தூசு துடைத்தல், அதன்பிறகே தகடு. குழிந்த இடங்களில், குறிப்பாக அமரத்தின் அடியில், தகட்டை இழுத்து ஒட்டினால் சில வாரத்தில் அது நிமிர்ந்துகொள்ளும்; அங்கே மட்டும் பாதி நீளத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். தூக்கிய ஓரத்துக்கு ஃபெவிக்விக் விடாதீர்கள். அதன் ஆவிதான் செம்பின்மேல் வெண்படலமாகப் படிகிறது. ரப்பர் பசையைப் பல்குத்தும் குச்சியால் மெல்லத் தடவி, பத்து நிமிடம் உலரவிட்டு, மரக்குச்சியால் அழுத்துங்கள்.

தகடு ஒட்டுவது அமரத்தில் தொடங்கி அணியம் நோக்கிப் போக வேண்டும். முன்தகட்டின் பின்விளிம்பு, பின்தகட்டின்மேல் ஏறி நிற்கும். ஓடும் நீர் விளிம்புக்குள் புகுந்து கிழிக்காது. தலைகீழாக ஒட்டியிருந்தால் விவரம் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே படும். ஆணிக்குமிழ்களைப் பற்றி ஒரு வார்த்தை: அரை அங்குலக் குமிழ் 1:72இல் 0.18 மி.மீ. பல்சக்கரம் ஓட்டிப் பெரிய பெரிய புடைப்பு எழுப்பினால் அது நீராவிக் கொதிகலன் போல ஆகிவிடும். ஆணித்தடமே இல்லாத தகடு அதைவிட நன்றாயிருக்கும்.

நிறம்: கடலில் ஓடிவந்த செம்பு மங்கிய பழுப்பாகவே இருக்கும். பச்சை, காற்றும் நீரும் மாறி மாறிப் படும் நீர்க்கோட்டையொட்டி அதிகம். வினிகரும் உப்பும் வைத்துப் பச்சை ஏற்றுவோர் உண்டு. உப்பு உள்ளே தங்கி மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும், தகடு துளைபடும். செய்துவிட்டிருந்தால் சமையல் சோடா கரைத்த நீரில் துணி நனைத்துத் துடைத்து, பின் வெறும் ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்ததும் மங்கல் வார்னிஷ் பூசுங்கள். பாதுகாப்பான வழி, அக்ரிலிக் வெளிர்பச்சை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து நீர்க்கோட்டோரம் மட்டும் ஓடவிடுவது.

தகடு உரித்த பகுதியை நேரான செவ்வகமாக வெட்டாதீர்கள். தகடு தகடாகத்தான் உரிப்பார்கள். எனவே எல்லை படிக்கட்டாக வர வேண்டும். தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே தார் தோய்த்த கம்பளி அடுக்கு ஒன்று இருக்கும். கறுப்புச் சாயமேற்றிய டிஷ்யூ தாளைப் பிய்த்து ஒட்டினால் அது அப்படியே கிடைக்கும். அதற்கும் உள்ளே பலகை இடுக்குகள், கலப்பத்து அடித்த (நீர் புகாமல் சணல் திணித்துத் தார் ஊற்றி அடைத்த) கோடுகள். பழைய இடுக்கு கருப்பு. பிரித்துவிட்டுப் புதுச் சணல் திணித்துத் தார் ஊற்றாத இடுக்கு வெளிறிய வைக்கோல் நிறம். நான்கைந்து இடுக்கை அப்படி விட்டால் கலப்பத்துக்காரர் இப்போதுதான் எழுந்து போனார் என்று தோன்றும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் கப்பலுக்கு எடையே இல்லை, தொட்டிக்குள் வைத்த பொம்மை போல இருக்கிறது

இந்தப் புகார்தான் அதிகம் வருவது. வர்ணம் பூசிப் பூசி இதைச் சரிசெய்ய முயல்பவர்களும் அதிகம். வர்ணத்தில் கோளாறில்லை. நீர் தாங்கிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான டன் எடையை இப்போது எது தாங்குகிறது என்று காட்சி காட்டவில்லை. கீழே ஏராக்கட்டைகள், பக்கத்தில் முட்டுமரங்கள்: இரண்டையும் சரிபாருங்கள்.

ஏராக்கட்டைகள் நடுவுக்கு நடு 5 அடி, அதாவது 21 மி.மீ. ஏரா 530 மி.மீ. என்றால் 26 கட்டை வேண்டும். ஐந்தாறு கட்டையில் கப்பலை நிறுத்தினால் கண் அதை ஏற்காது. உயரம் 18 முதல் 20 மி.மீ.; ஆள் குனிந்து உள்ளே போய் வேலை செய்ய முடிய வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரே துண்டாக வெட்டாமல் மூன்று அடுக்காக ஒட்டி, மேலடுக்கைப் புதுமர நிறத்தில் விடுங்கள். கப்பலின் எடையில் அமுங்கி நசுங்குவது மேல்மூடிதான். அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

முட்டுமரங்களில் நடக்கும் தவறுகள் மூன்று.

ஒன்று, தடிமன். ஊதுபத்திக் குச்சியின் குறுக்களவு 1.3 மி.மீ. அளவில் இருக்கும், உண்மையில் அது நான்கு அங்குலம்கூட இல்லாத கம்பு. ஒரு போர்க்கப்பலை அது தாங்காது. 10 முதல் 12 அங்குல மரம் வேண்டும்: மாதிரியில் 3.5 முதல் 4.2 மி.மீ. கபாப் மூங்கில் குச்சி 3 மி.மீ.; மேல்வரிசைக்குச் சமாளிக்கலாம்.

இரண்டு, முட்டும் இடம். பலகையின் வெறும் பரப்பில் எங்கோ முட்டுக் கொடுத்தால் உண்மையில் பலகை உள்ளே நொறுங்கும். உட்புறம் தளத்தின் குறுக்குவிட்டம் வரும் உயரத்தில், வெளியே தடித்த பட்டைப்பலகை ஓடும் வரிசையில் முட்ட வேண்டும். அப்போதுதான் இடது முட்டின் விசை விட்டத்தின் வழியே வலது முட்டைச் சந்திக்கும். ஆகவே ஒவ்வொரு முட்டுக்கும் நேரெதிரே இன்னொன்று கட்டாயம் உண்டு.

மூன்று, முனை. மரம் கப்பலைத் தொட்டதும் முடிந்துவிட்டது போல ஒட்டக்கூடாது. துறைச் சுவரின் கற்படியில் ஊன்றி, இடையே ஆப்பு அடித்து இறுக்கியிருப்பார்கள். 4 × 2 மி.மீ. ஆப்புகளை இரண்டிரண்டாக எதிரெதிர்த் திசையில் செருகுங்கள். மேல்முட்டுகள் ஏறக்குறைய கிடைமட்டம்; அடிவயிற்றைத் தாங்குபவை தரையிலிருந்து சாய்ந்து எழும்.

செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் கட்டைகளை ஒட்டுங்கள். கப்பலை வைத்து நூல்குண்டு தொங்கவிட்டு நிமிர்வு பாருங்கள். ஏராவில் இரண்டு இடத்தில் துளையிட்டு, அடிப்பலகையிலிருந்து 3 மி.மீ. போல்ட் ஏற்றி இறுக்குங்கள். முட்டுகள் கடைசியில்தான். முட்டுகளே கப்பலைப் பிடித்துக்கொள்ளும் என்று விட்டால் ஒருமுறை தூக்கிவைத்ததும் எல்லாம் சிதறும்.

அறிகுறி: பாய்மரங்களும் கயிறுகளும் காட்சியோடு ஒட்டவில்லை

உலர்துறைக்குள் வரும் கப்பலின் எடையைக் குறைத்தே உள்ளே விடுவார்கள். பீரங்கிகள், சரக்கு, அடியிலுள்ள நிறைகல் எல்லாம் வெளியே போய்விடும். பருமல்களையும் மேல்மரங்களையும் இறக்கிவிடுவது வழக்கம். முழுப் பாய் விரித்த கப்பல் துறைக்குள் நின்றால் மற்ற வேலை எத்தனை நன்றாயிருந்தும் வீண். கீழ்மரங்கள் மூன்றும் அவற்றைப் பக்கவாட்டில் பிடிக்கும் ஷ்ரவுட் கயிறுகளும் போதும். மிச்சத்தைத் துறையோரம் அடுக்கிவையுங்கள்.

கயிறுகள் உலக்கை போலத் தெரிந்தால், அளவுப் பட்டியலைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். அந்தக் காலப் பட்டியல்களில் கயிற்றின் அளவு என்பது சுற்றளவு, குறுக்களவு அல்ல. 8 அங்குலக் கயிற்றின் குறுக்களவு சுமார் 2.5 அங்குலம், மாதிரியில் 0.9 மி.மீ. நேரடியாக 72ஆல் வகுத்தால் 2.8 மி.மீ. வந்து நிற்கும்.

ஏணிப்படிக் கயிறுகள் கட்டியபின் ஷ்ரவுட்கள் நடுவில் உடுக்கை போல ஒடுங்கினால், முடிச்சை இழுத்து இறுக்கியிருக்கிறீர்கள். முடிச்சில் பசை நனைத்து, இடையிடையே வெட்டி, மறுபடி கட்டுங்கள். பின்னால் 5 மி.மீ. இடைவெளிக் கோடு போட்ட அட்டையைச் செருகி, நடு ஷ்ரவுடிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். நூல் பிசிர் அடித்தால் தேன்மெழுகில் இழுத்து, விரலால் உருவுங்கள். பருத்தி நூல் ஈரத்தில் இறுகும், வறட்சியில் தளரும். கடலோர வீடுகளில் பாலியெஸ்டர் நூல் நல்லது.

அறிகுறி: துறைச் சுவர் குழி விழுந்திருக்கிறது, அல்லது வெடிக்கிறது

தெர்மோகோல் சுவரில் ஸ்ப்ரே பெயின்டோ ஃபெவிக்விக்கோ பட்டால் கரைந்து குழியும். முதலில் ஃபெவிகாலும் தண்ணீரும் சமபங்கு கலந்து இரண்டு கோட்டு, பிறகு அக்ரிலிக் வர்ணத்தைத் தூரிகையால். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வெடித்தால், கீழேயுள்ள பிளைவுட் மெலிந்தது. ஈரத்தை உறிஞ்சி வளைந்துவிட்டது. 12 மி.மீ.க்குக் குறைந்த பலகை வேண்டாம்; பூசுமுன் பலகையின் இரு முகத்திலும் வார்னிஷ் அடியுங்கள். மேலோட்டமான விரிசல் வந்தால் மூட வேண்டாம். கல் இணைப்புக் கோடுகளை அதன் வழியே கீறிக்கொள்ளலாம்.

அறிகுறி: துறையின் கதவுக்கு வெளியே கடல்நீராகக் காட்ட ஊற்றிய ரெசின் பிசுபிசுக்கிறது, கலங்குகிறது, ஒழுகுகிறது

பிசுபிசுப்புக்கு முதற்காரணம் அளவு. புட்டியில் எடைக்கணக்கா கொள்ளளவுக் கணக்கா என்று பார்த்து, எடையென்றால் தராசில் நிறுத்துதான் கலக்க வேண்டும். 48 மணி நேரம் கழித்தும் விரல் ஒட்டினால் இனிக் காத்திருந்து பயனில்லை. மேலடுக்கைச் சுரண்டி, சரியான கலவையை மெல்லிதாக ஊற்றுங்கள். உள்ளே கெட்டியாகி மேலே மட்டும் எண்ணெய்ப் படலம் போல இருந்தால் அது காற்றின் ஈரத்தால் வந்தது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவினால் போகும். கலங்கல், பிளாஸ்டர் முழுதாகக் காயாமல் ஊற்றியதால். நான்கு நாளாவது காயட்டும். ஒரே முறையில் 5 மி.மீ.க்கு மேல் ஊற்றினால் சூடேறி விரிசல் விடும், தெர்மோகோலையும் உருக்கும். கதவின் அடியிடுக்கைச் சிலிகான் கொண்டு மூடிவிட்டு ஊற்றுங்கள். துறைக்குள்ளே தேங்கிய நீர் அங்கங்கே கற்குழியில் மட்டும். தரை முழுக்கப் பளபளத்தால் துறை இன்னும் வடியவில்லை என்று பொருள்.

அறிகுறி: ஆட்களை வைத்ததும் கப்பல் பூதாகரமாகிவிட்டது

ரயில் மாதிரிக் கடைகளில் கிடைக்கும் பொம்மைகள் பெரும்பாலும் 1:87. ஐந்தே முக்கால் அடி ஆள் அதில் 20 மி.மீ.; 1:72இல் 24 மி.மீ. இரண்டையும் கலக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டால் குட்டை ஆட்களை அருகே வைக்காமல் துறையின் எதிர்க்கரையில், பார்வைக்குத் தொலைவில் நிறுத்துங்கள். தொலைவு கூடியது போலக் காட்டும். சாரப்பலகை 9 அங்குலம், 3 மி.மீ. அகலம், ஏணிப்படி இடைவெளி ஓர் அடி, 4.2 மி.மீ. இவ்விரண்டும் ஆளின் உயரத்தோடு பொருந்தினால் மற்ற அளவுகளைக் கண் தானே நம்பிவிடும். ஆட்களை ஒட்டுமுன் அவர்கள் கையிலுள்ள கருவி கப்பலை எட்டுகிறதா என்று பாருங்கள். கலப்பத்துச் சுத்தியல் பலகைக்கு 10 மி.மீ. தள்ளி நின்றால் சாரத்தைத்தான் நகர்த்த வேண்டும்.